இன்னும் எத்தனை முத்தம்?

கேள்வி: எனக்கு 31 வயது. மூன்று வருடமாக ஒருவரைக் காதலிக்கிறேன். இரண்டு வீட்டிலும் பேசி முடித்துவிட்டார்கள், தேதி மட்டும் குறிக்கவில்லை. எங்கள் பழக்கம் ஒரு லேப்டாப்பால் ஆரம்பித்தது. ஆறு மாத வேலையை மறுநாள் காலையில் ஒப்படைக்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் அது உயிரை விட்டுவிட்டது. பக்கத்துப் பிரிவில் வேலை பார்த்த அவர்தான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எல்லா ஃபைலையும் மீட்டுக் கொடுத்தார். "இதை வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டேன், நீங்க என்ன கேட்டாலும் செய்வேன்" என்று அழுதுகொண்டே சொன்னேன். அவரும் மறக்கவில்லை. என் போனை எடுத்துப் படிப்பார். ஏன் என்று கேட்டால், "அன்னைக்கு உன் லேப்டாப்பையே முழுசாப் பாத்தவன்தானே நான்" என்பார். கைமாற்றாக வாங்கிய பணம் திரும்பி வந்ததில்லை. வரச் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் கழித்து வருவார். நான் முகம் சுளித்தால், "உங்க அப்பாகிட்டப் பேசட்டுமா?" என்பார். அப்பாவுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். "வாக்குக் கொடுத்தாச்சு. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்கிறார். அம்மா எதுவும் சொல்வதில்லை. போன வாரம் அக்கா மகளுக்குத் தவளை இளவரசன் கதை சொன்னேன். அவளுக்கு ஆறு வயது. இளவரசி முத்தம் கொடுத்தாள், தவளை இளவரசனாகிவிட்டது என்று முடித்தேன். அவள் கேட்டாள்: "சித்தி, முத்தம் குடுத்தும் அது தவளையாவே இருந்துச்சுன்னா?" "இன்னொரு முத்தம் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. இன்னும் எத்தனை முத்தம், மேடம்?

அன்புள்ள தோழி,

முதலில் அந்தக் குழந்தைக்கு என் வணக்கம். குடும்பநல ஆலோசகரான என் எதிரே ஜோடி ஜோடியாக வந்து உட்காருபவர்களிடம் இருபது வருடமாக நான் சுற்றி வளைத்துக் கேட்டுவரும் கேள்வி அது. அவள் ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள்.

உங்களுக்குச் சொல்ல ஒரு நல்ல சேதி இருக்கிறது. அந்தக் கதையில் முத்தமே கிடையாது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட கதைத் தொகுப்பில் முதல் கதையே இந்தத் தவளைதான். அதிலும் சரி, 1857 வரை அவர்கள் திருத்தித் திருத்தி வெளியிட்ட பதிப்புகளிலும் சரி, இளவரசி தவளைக்கு முத்தம் கொடுப்பதில்லை. தூக்கிச் சுவரில் அடிக்கிறாள். இருக்கிற பலத்தை எல்லாம் திரட்டி, "இனிமேலாவது பேசாமல் கிட, அருவருப்புப் பிடித்த தவளையே" என்கிற மாதிரி ஒரு வசவோடு அடிக்கிறாள். சுவரில் பட்டுக் கீழே விழும்போதுதான் அது இளவரசனாக விழுகிறது.

எனக்கே இது தெரிய வந்தது தாமதமாகத்தான். என் மகளுக்கு ஏழு வயது ஆகும்வரை முத்தக் கதையைத்தான் சொல்லித் தூங்க வைத்தேன். பகல் முழுக்க, "ஒருத்தரை இன்னொருத்தர் அன்பால் மாற்றிவிட முடியாது" என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லுவேன். ராத்திரி வீட்டுக்கு வந்து அதற்கு நேர்மாறானதை இலவசமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, கதையை முதலிலிருந்து பார்ப்போம். உங்கள் லேப்டாப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இளவரசியின் தங்கப் பந்து கிணற்றில் விழுந்துவிடுகிறது. உட்கார்ந்து அழுகிறாள். தவளை தலையை நீட்டி, என்ன விஷயம் என்று கேட்கிறது. பந்தை எடுத்துத் தந்தால் என் உடைகள், முத்து, நகை, தலையில் இருக்கும் பொற்கிரீடம் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்கிறாள் அவள். ஒரு பந்துக்கு ஒரு கிரீடம்! முங்கி எடுக்கும் வேலைக்கு இதைவிடத் தாராளமான கூலி எந்தத் தவளைக்கும் கிடைத்திருக்காது. ஆனால் அது வேண்டாம் என்கிறது. உன் பக்கத்தில் உட்கார வேண்டும், உன் தட்டில் சாப்பிட வேண்டும், உன் கோப்பையில் குடிக்க வேண்டும், உன் படுக்கையில் தூங்க வேண்டும், சம்மதம் என்றால் முங்குகிறேன் என்கிறது.

நாம் கிணற்றுத் தவளை என்று யாரைச் சொல்வோம்? உலகம் தெரியாதவரை. இந்தக் கிணற்றுத் தவளைக்கு உலகம் நன்றாகவே தெரிந்திருக்கிறது, அழுகிற பெண்ணிடம் எந்த நேரத்தில் பேரம் பேச வேண்டும் என்பது உட்பட.

உங்கள் நண்பர் அன்று ராத்திரி இப்படிக் கணக்குப் போட்டுத்தான் உதவினார் என்று நான் சொல்ல மாட்டேன். அதை முடிவு செய்ய என்னிடம் ஆதாரம் இல்லை. விடிய விடியக் கண்விழித்தது உண்மையான உதவி, நன்றிக்கு உரியது. என் சங்கடம் அதற்கு அப்புறம் நடந்ததில் இருக்கிறது. உதவிய அன்று கொடுக்காத பில்லை மூன்று வருடமாகத் தவணை முறையில் அனுப்பிக்கொண்டிருக்கிறார். போனைப் பார்ப்பது ஒரு தவணை, பணம் திரும்பாதது ஒரு தவணை, உங்களைக் காத்திருக்க வைப்பது ஒரு தவணை. அசல் எவ்வளவு என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை, அதனால் கடன் எப்போது தீரும் என்றும் தெரியாது.

பலனை எடைபோடாமல் செய்த உதவியின் நன்மை கடலைவிடப் பெரிது என்கிறது குறள். 'பயன்தூக்கார் செய்த உதவி' என்று வள்ளுவர் நிபந்தனையை எடுத்த எடுப்பிலேயே வைத்துவிட்டார். நன்றி மறக்காதே என்று நமக்குச் சொல்லித் தருபவர்கள் அந்த முதல் சொல்லை மட்டும் எப்படியோ தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். தவளையைப்போலவே.

இதில் உங்கள் ஏமாளித்தனம் எதுவும் இல்லை, மனித மனம் அப்படித்தான் வேலை செய்கிறது. 1971-ல் டென்னிஸ் ரீகன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். சோதனைக்கு வந்தவர்களில் சிலருக்கு, கூட இருந்த ஒரு ஆள் தானாகவே ஒரு குளிர்பானம் வாங்கி வந்து கொடுத்தார். அந்த ஆள் சோதனை நடத்துபவரின் ஏற்பாடு என்பது வந்தவர்களுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து அதே ஆள், என்னிடம் பரிசுக் குலுக்கல் சீட்டு இருக்கிறது, வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். பானம் கிடைத்தவர்கள் மற்றவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சீட்டு வாங்கினார்கள். அந்த ஆளைத் தங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்பதைக்கூட அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்காமலே வந்த ஒரு பாட்டில் பானத்துக்கே இந்த நிலை. உங்களுக்குத் திரும்பக் கிடைத்ததோ ஆறு மாத உழைப்பு. 'என்ன கேட்டாலும் செய்வேன்' என்று வாய் தானாகச் சொல்லியிருக்கும்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தக் கதையில் நுணல் நன்றாகப் பிழைத்துக்கொள்கிறது, வாயைக் கொடுத்தவள்தான் மாட்டிக்கொள்கிறாள்.

இளவரசியும் சும்மா இல்லை. 'தவளைதானே, தண்ணீரை விட்டு வரவா போகிறது' என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேதான் சம்மதம் சொல்கிறாள். பந்து கைக்கு வந்ததும் ஓடிவிடுகிறாள். நீங்கள் அவளைப்போல் ஏமாற்றப் பார்க்கவில்லை, மனதாரத்தான் சொன்னீர்கள். மனதாரச் சொன்ன வாக்கு என்பதாலேயே அது ஆயுள் சந்தா ஆகிவிடாது. மூன்று வருடம் கட்டியிருக்கிறீர்கள். போதும்.

மறுநாள் அரண்மனையில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது தவளை தத்தித் தத்திப் படியேறி வந்து கதவைத் தட்டுகிறது. அரசர் விவரம் கேட்கிறார். மகள் நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொல்கிறாள். அவர் கேட்டுவிட்டு, கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் வேண்டும், போய்க் கதவைத் திற என்கிறார். சாப்பிட்டு முடித்த தவளை, களைப்பாக இருக்கிறது, உன் அறைக்குத் தூக்கிப்போ என்கிறது. அவள் அழுகிறாள். அரசருக்குக் கோபம் வருகிறது. கஷ்டத்தில் உதவியவரை அப்புறம் இளக்காரமாக நினைக்கக் கூடாது என்கிறார்.

இரண்டுமே அருமையான வாக்கியங்கள். எந்த வகுப்பறைச் சுவரிலும் எழுதிவைக்கலாம். பிரச்சினை என்னவென்றால், அவர் வாக்கைப் பார்த்தார், அதன் அளவைப் பார்க்கவில்லை. பந்துக்குப் படுக்கையா என்று ஒரு தகப்பன் கேட்டிருக்க வேண்டாமா? ஒரு பெரிய சாம்ராஜ்யத்தையே தீர்ப்புச் சொல்லி ஆளும் மனிதர், சொந்த மகள் இரண்டு விரலால் ஒரு ஈர ஜந்துவைத் தூக்கிக்கொண்டு அழுதபடி மாடியேறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. ஊர் தன் குடும்பத்தை வாக்குத் தவறாத குடும்பம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்கான விலை அவருடைய தட்டிலிருந்து போகவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. உங்கள் அப்பாவிடம் பேசும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "வாக்கை மீறப் போகிறேன்" என்று தொடங்கினால் அவர் உடனே சிம்மாசனத்தில் ஏறிவிடுவார். "நான் எதற்கு வாக்குக் கொடுத்தேன், எதற்கெல்லாம் கொடுக்கவில்லை என்று சொல்லட்டுமாப்பா?" என்று தொடங்கிப் பாருங்கள்.

இனி நான் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த இடம். கதையில், அறைக்கு வந்ததும் அவள் தவளையை ஒரு மூலையில் வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறாள். அது ஊர்ந்து கட்டிலுக்குக் கீழே வந்து, எனக்கும் தூக்கம் வருகிறது, என்னைத் தூக்கி மேலே விடு, இல்லாவிட்டால் உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்கிறது. 'உங்க அப்பாகிட்டப் பேசட்டுமா?' நூற்றைம்பது வருடத்துக்கும் முன்னால் அச்சில் ஏறிய வசனம், தோழி. தவளைகள் இதுவரை புது வசனம் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

அந்தக் கணம்தான் அவள் தூக்கி அடிக்கிறாள். அதுவரை தட்டைப் பகிர்ந்தாள், ஒவ்வொரு கவளமும் தொண்டையில் சிக்கியது, இருந்தும் பகிர்ந்தாள். அறைக்குத் தூக்கிக்கொண்டும் வந்தாள். அந்த அடக்கம் எதிலும் மந்திரம் விலகவில்லை. அப்பாவின் பெயரைச் சொல்லி மிரட்டியதும், 'என்ன வந்தாலும் வரட்டும், என் படுக்கையில் உனக்கு இடம் இல்லை' என்று அவள் முடிவெடுத்த நொடியில்தான் தவளைத்தோல் உரிந்தது. பொறுத்துக்கொண்டதற்குக் கிடைத்த பரிசு என்று நமக்குச் சொல்லப்பட்ட இளவரசன், உண்மையில் பொறுமை தீர்ந்த இடத்தில்தான் வந்து விழுந்தான்.

அவசரமாக ஒரு குறிப்பு: யாரையும் எதையும் சுவரில் எறியும்படி ஒரு குடும்பநல ஆலோசகர் எழுதிக் கொடுத்தாள் என்று நாளைக்கு யாரும் வந்து நிற்க வேண்டாம். ஸ்காட்லாந்தில் வழங்கிய ஒரு வடிவத்தில் தவளை தானே தன் தலையை வெட்டிவிடும்படி அந்தப் பெண்ணைக் கேட்டுக்கொள்கிறது. அதையும் செய்ய வேண்டாம். மனித உறவில் சுவரின் வேலையை 'முடியாது' என்கிற சொல் செய்துவிடும்.

பிறகு இந்தக் கதை எப்படி இவ்வளவு சாதுவானது? 1823-ல் கிரிம் கதைகளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் எட்கர் டெய்லர். தொழிலால் வக்கீல். சுவரில் அடிப்பது தாக்குதல் வழக்காகிவிடும் என்று தோன்றியதோ என்னவோ, அந்த இடத்தையே எடுத்துவிட்டார். அவருடைய கதையில் தவளை மூன்று ராத்திரி அவள் தலையணையில் தூங்குகிறது, மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் இளவரசன் நிற்கிறான். அவள் செய்ய வேண்டியதெல்லாம் மூன்று ராத்திரி சகித்துக்கொள்வது. முத்தம் அதற்கும் பிறகு ஒட்டிக்கொண்டது. மறுப்பு போய்ச் சகிப்பு வந்தது, சகிப்பு போய் ஆசையோடு கொடுக்கும் முத்தம் வந்தது. கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன் என்ற வரிசையில் தவளையும் சேர்ந்துகொண்டது.

'ஒரு கால்கட்டு போட்டுவிட்டால் திருந்திடுவான்' என்று நாம் சொல்வதும் அந்த முத்தக் கதைதான். ஒருவன் திருந்துவதற்கு இன்னொருத்தியின் கால் எதற்குக் கட்டப்பட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கல்யாணம் என்பது இரண்டு பேர் சேர்ந்து வாழும் ஏற்பாடு. அதைச் சீர்திருத்தப் பள்ளியாக நினைத்துச் சேர்ப்பவர்கள், அங்கே ஆசிரியர் வேலை யாருக்கு, சம்பளம் யாருக்கு என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தின் முழு வடிவம் எட்டுப் பக்கம். மேலே போட்டிருப்பது சுருக்கம். அந்த எட்டுப் பக்கத்தில் 'பொறுத்துக்கொண்டேன்' என்ற சொல் ஒன்பது முறை வருகிறது. 'மனசுக்குள் அழுதேன்' நான்கு முறை. 'ஜாடையாகச் சொன்னேன்' இரண்டு முறை. 'இது எனக்குப் பிடிக்கவில்லை, நிறுத்துங்கள் என்று அவரிடம் சொன்னேன்' ஒரு முறைகூட இல்லை. நீங்கள் இதுவரை அவரைச் சோதித்துப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம். மறுப்பைச் சந்திக்கும்போது அவர் என்ன ஆவார் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பாவம், அவருக்கேகூடத் தெரியாமல் இருக்கலாம்.

இவ்வளவு நாள் எப்படி உறைக்காமல் இருந்தேன் என்று ஓர் இடத்தில் உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மெல்ல மெல்லச் சூடேறும் தண்ணீரில் உட்கார்ந்து தெரியாமலே வெந்துபோகும் தவளை நான்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தவளைக்கு வந்த கெட்ட பெயரையும் இங்கேயே துடைத்துவிடுகிறேன். 1869-ல் ஃபிரீட்ரிக் கோல்ட்ஸ் என்ற ஜெர்மன் உடலியலாளர் இதைச் செய்தே பார்த்தார். முழுத் தவளை 25 டிகிரியிலேயே பதறித் தப்பிக்கப் பார்த்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தது மூளையை எடுத்துவிட்ட தவளை மட்டும்தான். ஒரு குழந்தையின் கேள்விக்குத் தூக்கம் கெட்டு, எழுந்து எட்டுப் பக்கம் எழுதியவருக்கு மூளை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது.

அடுத்து, இந்தக் கதையில் எனக்கே பதில் கிடைக்காத ஒரு விஷயம். தோல் போயிற்று, சரி. ஆனால் அழுதவளிடம் பேரம் பேசியதும், வற்புறுத்தித் தட்டில் சாப்பிட்டதும், அப்பாவிடம் சொல்வேன் என்று மிரட்டியதும் அந்தத் தோலா செய்தது? அழகான கண்களோடு எழுந்து நின்ற இளவரசன், ஒரு சூனியக்காரி என்னைச் சபித்துவிட்டாள் என்று தன் கதையைச் சொல்கிறான். நேற்று உன்னிடம் நடந்துகொண்ட விதத்துக்காக மன்னித்துவிடு என்று சொன்னதாகக் கிரிம் எழுதவில்லை. பிற்காலப் பதிப்பில் அப்பாவின் விருப்பப்படி அவளுக்குக் கணவனாகிறான், மறுநாளே எட்டு வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டி வந்துவிடுகிறது. நான் அந்த அரண்மனைக்கு ஆலோசகராக இருந்திருந்தால் குதிரைகளை அவிழ்த்துக் கட்டச் சொல்லியிருப்பேன். ஆறு மாதம் போகட்டும் என்று.

மாற்றம் என்று நீங்கள் காத்திருப்பது தோலா, பழக்கமா என்று பிரித்துப் பார்ப்பது அதனால்தான் அவசியம். நீங்கள் கோபித்துக்கொண்ட மறுநாள் பூங்கொத்தோடு சரியான நேரத்துக்கு வந்து நிற்பது தோல். அதற்கு மூன்றாவது மாதமும் சரியான நேரத்துக்கு வந்தால், அதுவும் நீங்கள் கோபப்படாமலே வந்தால், அது பழக்கம்.

எல்லாத் தவளைக் குணத்துக்கும் சுவர் தேவை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் எங்கே கிளம்பினாலும் செருப்பை மாட்டிக்கொண்ட பிறகுதான் சாவியைத் தேடுவார். 22 வருடமாகத் தேடுகிறார். சாவிக்கு ஆணி அடித்தேன், கூடை வைத்தேன், சண்டை போட்டேன், மேற்கோள்களோடு விளக்கினேன். அவர் பக்கத்திலிருந்து கேட்டால், ஒரு வாக்கியத்தில் முடிய வேண்டியதை நான் ஒரு கட்டுரையாகச் சொல்வதை 22 வருடமாகக் குறைக்கப் பார்க்கிறார். இந்தப் பதிலின் நீளத்தைப் பார்த்தாலே அவருடைய வெற்றி உங்களுக்குத் தெரியும். தம்பதிகளைப் பல்லாண்டு ஆராய்ந்த ஜான் காட்மேன், கணவன் மனைவிக்குள் வரும் பிணக்குகளில் 69 சதவீதம் தீராமலே தொடர்பவை என்கிறார். முதல்முறை படித்தபோது எனக்கு அது ஆறுதலாக இருந்தது. தாமதமாக வரும் பழக்கம் உங்கள் நண்பரிடம் அந்த 69-ல் ஒன்றாகவே இருந்துவிடலாம். அதோடு வாழ முடியுமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். நிறையப் பேர் சிரித்துக்கொண்டே வாழ்கிறார்கள்.

ஆனால் போனைப் படிப்பதும், வாங்கிய பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காததும், அப்பாவின் பெயரைச் சொல்லி வாயடைப்பதும் அந்தக் கணக்கில் வராது. சத்தம் போடும் தவளையோடு வாழலாம். கழுத்தில் கடன் சீட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு கட்டிலில் ஏறும் தவளையோடு முடியாது.

சரி, என்ன செய்வது? இந்த வாரத்திலேயே ஒரு நாள், அவசரம் எதுவும் இல்லாத பகல் நேரத்தில், ஆட்கள் நடமாடும் இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள். லேப்டாப்பிலிருந்தே தொடங்குங்கள், ஏனென்றால் அவர் எப்படியும் அங்கேதான் வந்து முடிப்பார். "அன்னைக்கு நீங்க செஞ்சதுக்கு எனக்கு இன்னும் நன்றி இருக்கு. ஆனா அந்தக் கணக்கு முடிஞ்சுபோச்சு. இனிமே அதை நடுவுல கொண்டுவராதீங்க. என் போனை எடுக்காதீங்க. வாங்கின பணத்தை எப்போ தருவீங்கன்னு ஒரு தேதி சொல்லுங்க. அப்பாகிட்டப் பேசணும்னா தாராளமாப் பேசுங்க, நானும் பக்கத்துல உக்காந்திருப்பேன்." இவ்வளவுதான். எனக்கு இருக்கும் வியாதி உங்களுக்கும் இருந்தால், ஆறாவது வாக்கியத்துக்கு மேல் விளக்கத் தோன்றும். நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள்.

கடைசி வாக்கியத்தை மட்டும் வீட்டில் ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள். மிரட்டலின் பலம் முழுவதும் நீங்கள் அப்பாவிடம் முந்திக்கொண்டு பேசாமல் இருப்பதில்தான் இருக்கிறது. அதனால் நண்பரிடம் பேசுவதற்கு முந்தின நாளே அப்பாவிடம் பேசிவிடுங்கள்.

உங்கள் நண்பர் ஆடிப்போகலாம், கோபித்துக்கொண்டு எழுந்து போகலாம், நான் இதை யோசிக்கவே இல்லையே என்று வெட்கப்படலாம். கடைசியாகச் சொன்னது நடந்தால் சந்தோஷம், அப்போதும் தேதி குறிக்க ஆறு மாதம் பொறுங்கள். கோபித்துக்கொண்டு போனால் இரண்டு நாள் விடுங்கள். மனிதர்களுக்குக் கோபிக்க உரிமை உண்டு. ஆனால் குரலை உயர்த்தி உங்களைப் பயமுறுத்தினாலோ, போனைப் பிடுங்கினாலோ, உங்களைப் பற்றி நாலு பேரிடம் சொல்வேன் என்றாலோ அங்கேயே எழுந்துவிடுங்கள். அப்புறம் அவரைத் தனியாகச் சந்திக்க வேண்டாம். விடை கிடைத்துவிட்டது, அதுவும் தேதி குறிப்பதற்கு முன்னால்.

கதையில் இன்னொரு ஆள் இருக்கிறான். முத்தக் கதை சொல்பவர்கள் அவனை வண்டியோடு கழற்றிவிட்டுவிட்டார்கள். கிரிம் தொகுப்பில் இந்தக் கதைக்கு 'தவளை அரசன் அல்லது இரும்பு ஹைன்ரிஷ்' என்றுதான் பெயர். ஹைன்ரிஷ் இளவரசனின் வேலையாள். எசமான் தவளையாகிப்போன துக்கத்தில் நெஞ்சு வெடித்துவிடக் கூடாது என்று இதயத்தைச் சுற்றி மூன்று இரும்பு வளையங்களை மாட்டிக்கொண்டவன். அவன்தான் அந்த எட்டுக் குதிரை வண்டியோடு வருகிறான். போகிற வழியில் பின்னால் 'டப்' என்று ஏதோ முறிகிறது. வண்டி உடைகிறதே என்று இளவரசன் கத்துகிறான். இல்லை எசமானே, என் நெஞ்சு வளையம்தான் என்கிறான் ஹைன்ரிஷ். இப்படி மூன்று முறை.

உங்கள் கடிதத்தில் அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அம்மா எதுவும் சொல்வதில்லை. எட்டுப் பக்கத்திலும் நான் திரும்பத் திரும்பப் படித்தது அதைத்தான். அப்பா சம்மதிப்பதை, உங்கள் நண்பர் மிரட்டுவதை, மகள் பொறுத்துக்கொள்வதை எல்லாம் பார்த்துக்கொண்டு ஒருவர் மூன்று வருடமாக எதுவும் சொல்லாமல் இருக்கிறார் என்றால், அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று நான் நம்ப மாட்டேன். அப்பாவிடம் போவதற்கு முன்னால் அவரிடம் போங்கள். எதையும் விளக்க வேண்டாம். "நீ என்னம்மா நினைக்கிறே?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள். நடுவில் ஏதாவது முறியும் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள்.

அப்புறம் அக்கா மகளுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. 'இன்னொரு முத்தம்' என்று நீங்கள் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டு, இந்த முறை சுவரையும் வண்டியையும் ஹைன்ரிஷையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. அதற்கப்புறம் ஒரு வாரத்துக்கு வீட்டில் இருக்கும் பொம்மைகளை எல்லாம் சுவரில் எறிந்து பார்ப்பாள். என் மகளுக்கு நான் கதையைத் திருத்திச் சொன்ன வாரத்தில் ஒரு குரங்குப் பொம்மைக்குக் காது போயிற்று. இளவரசன் யாரும் வரவில்லை. அவள் அதை ஒரு குறையாகவும் சொல்லவில்லை, காதைத் தைத்துக் கொடு என்று மட்டும் கேட்டாள்.